அண்ணன் உயரத்து வண்டி

வண்டி வந்தபோது மதியம் மூன்று மணி இருக்கும். பின்பக்கச் சந்து வழியாக லோடு வண்டியை ரிவர்ஸில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, டிரைவர் மேலே பைக்கைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார்.

"யாரும்மா ஓட்டுவாங்க இதை? ஒட்டகத்துக்கு டயர் மாட்டின மாதிரி இருக்கு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்குத் தெரியாது.

"என் பையனோடது. வேலைக்குப் போயிருக்கான்" என்றாள் அம்மா.

அண்ணி அம்மாவின் பக்கம் திரும்பாமல் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் செத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

அண்ணன் எலக்ட்ரீஷியன். வெளியூரில் புதுக் கட்டடத்துக்கு வயரிங் வேலை என்று இந்த வண்டியில்தான் போனான். மூன்றாவது மாடிச் சாரத்தில் கால் வழுக்கியது. அவனை அன்றைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். வண்டி அங்கேயே நின்றுவிட்டது. கட்டடம் முடிந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவர்கள் சொல்லும் வரைக்கும் யாருக்கும் அதன் நினைவு வரவில்லை. செயின் துரு ஏறிக் கம்பி போல நின்றது. ஹெட்லைட்டுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

அது என்னைவிட வயதில் மூத்த வண்டி. அண்ணன் மூன்றாவது கையாக வாங்கி, தன் உயரத்துக்கு மாற்றிக்கொண்டான். எங்கள் வீட்டு நிலைகளில் குனிந்து குனிந்தே அவனுக்கு லேசாகக் கூன் விழுந்திருந்தது. அவ்வளவு நெட்டை. ஹேண்டில்பாரில் ஒரு துண்டுக் குழாயை வைத்து வெல்டு செய்து உயர்த்தியிருந்தான். சீட்டில் இரட்டை ஸ்பாஞ்சு. பின்னால் வேறு ஏதோ வண்டியின் நீள ஸ்பிரிங். அவன் பாதத்துக்குத் தக்கபடி கியர் லீவரைக்கூட நீட்டியிருந்தான். அவனைத் தவிர வேறு யார் ஏறினாலும் கால் தரையில் எட்டாது.

அன்று இரவு சாப்பிடும்போது அண்ணி சொன்னாள்.

"மாமா, ஹைவே பக்கம் கோல்டு ஸ்டோரேஜ்ல எனக்கு வேலை கிடைச்சிருக்கு. ஒண்ணாம் தேதி சேரணும். ஷிப்ட் மாறி மாறி வரும். கம்பெனி வேன் நம்ம பக்கம் வராது, பஸ்ஸும் இல்ல. அந்த வண்டி ஓடினா போவேன்."

"ஓடலைன்னா?" என்றார் அப்பா.

"எங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போறேங்கறான். எத்தனை நாள் இங்கேயே சும்மா உட்கார்ந்திருப்பேங்கறான்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அது உன் உயரத்துக்கு ஆகாதேம்மா."

"ஆக்கணும் மாமா."

ஒன்றாம் தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. நான் அன்றைக்கே எண்ணிவிட்டேன். அண்ணி போய்விட்டால் அந்த வீட்டில் என்னோடு பேச ஆள் கிடையாது. அப்பா டெய்லர், தையல் மெஷின் பேசுகிற அளவுக்குக்கூட அவர் பேச மாட்டார். அம்மா பேசுவாள், ஆனால் எங்களோடு அல்ல. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டபின் எனக்குத் தோழிகளும் இல்லை. சட்டைகளுக்குப் பட்டன் தைப்பதும் கால்சட்டைகளுக்கு ஓரம் மடிப்பதும் என் வேலை. அந்தப் பதினோரு மாதத்தில் எல்லோருக்கும் ஏதோ மரத்துப்போயிருந்தது. ஊசி விரலில் ஏறினால், துணியில் இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. முன்னறை தையல் கடை. அதற்குப் பின் சமையலறை, அதை ஒட்டி ஒரு நடை, கடைசியில் சிமெண்ட் தரையும் தகரக் கூரையும் போட்ட பின்கட்டு. கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். நடையில் நின்றால் ஒரு பக்கம் அப்பா துணி வெட்டும் மேஜை தெரியும். மறுபக்கம் வண்டி தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆயில் அண்ணன் வந்தார். அவர் அண்ணனின் நண்பர், மெக்கானிக். குளித்துவிட்டு வந்தாலும் முழங்கையில் கறுப்பு போகாது, அதனால் அந்தப் பெயர். பழைய போர்வையை விரித்து, அவரும் அண்ணியும் கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே அடுக்கினார்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பாகு போலப் படிந்திருந்தது. டேங்க்குக்குள் ஒரு கைப்பிடி நட்டும் மண்ணெண்ணெயும் போட்டு, அண்ணியும் நானும் மாறி மாறிக் குலுக்கினோம். துரு சிவப்புத் தண்ணீராக வந்தது.

"வாத்தியாரம்மா, பதிமூணு நம்பர் ஸ்பானர் எடு. அய்ய, அது பதினாலு. ஒன்பதாவது வரைக்கும் போய் என்னத்தைப் படிச்சே?"

"ஸ்பானர் பாடம் பத்தாவதுலதாண்ணா வரும்."

"பாரு சிஸ்டர், வாய் மட்டும் பாஸ்."

அண்ணி சிரிக்கப் பார்த்தாள். உதடு பாதியில் நின்றுவிட்டது.

ஹேண்டில்பாரை வெட்டும் இடம் வந்தபோது ஆயில் அண்ணன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்களே வெட்டுங்க சிஸ்டர். இதை வெல்டு வெச்சப்போ மறுமுனையைப் பிடிச்சிட்டு நின்னவன் நான். எனக்குக் கை வரல."

அண்ணி வெட்டினாள். இரும்புத் தூள் அவள் பாதத்தில் விழுந்துகொண்டே இருந்தது. முகத்தில் ஒன்றுமில்லை. கத்தரிக்காய் நறுக்குகிற முகம்.

புதன்கிழமைக்குள் ஹேண்டில்பார் இறங்கிவிட்டது. பழைய இரும்புக் கடையில் தேடிக் குட்டை ஸ்பிரிங் வாங்கி மாட்டினார்கள். கியர் லீவர் அண்ணியின் பாதத்துக்கு வந்தது. என்ஜின் ஐந்தாறு உதையில் இருமி, புகை கக்கி, ஓடியது. அண்ணி ஏறி உட்கார்ந்தபோது இரண்டு கால் கட்டைவிரலும் தரையைத் தொட்டன. கண்ணாடிகள் இரண்டையும் அவள் கண் மட்டத்துக்குத் திருப்பி வைத்தோம்.

மறுநாள் மதியம் அண்ணி ஏறி உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

"குட்டி, இதைத் தொட்டியா?"

"இல்லையே அண்ணி."

எட்டிப் பார்த்தேன். அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு கண்ணாடியிலும் கூரைத் தகரம்தான் தெரிந்தது. அவளைவிட ஒன்றரை அடி உயரத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவர்களுக்குச் சந்து தெரியும்.

அண்ணி திருப்பி வைத்தாள். வெள்ளிக்கிழமை மீண்டும் தகரம் தெரிந்தது. அன்றும் திருப்பி வைத்தாள்.

சனிக்கிழமை ஹேண்டில்பார் மூன்று விரல் உயர்ந்திருந்தது.

ஆயில் அண்ணனை வரச் சொன்னோம். வந்தவர் இடுப்பில் கை வைத்து நின்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பகல் பூரா வீட்டுல சும்மா இருக்கற ஆளு யாரு? வாத்தியாரம்மா, விளையாட்டெல்லாம் வண்டிகிட்ட வேணாம். ஓடறப்போ கழண்டுதுன்னா உயிர் போயிடும்."

"நான் இல்லண்ணா."

"பின்ன, தானா ஏறுச்சா?"

அவர் குனிந்தார். போல்ட்டை முடுக்கியதும் அதன் தலையிலிருந்து அடி இரும்பு வரைக்கும் நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பது அவர் வழக்கம். போல்ட் இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து தெரியும். நான்கு போல்ட்டிலும் கோடு நேராக இருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். மறுபடியும் தடவிப் பார்த்தார்.

"கோடு உடையவே இல்ல சிஸ்டர்" என்றார் மெதுவாக.

"அப்படின்னா?"

"அப்படின்னா போல்ட்டை யாரும் தொடல. தொடாம இது ஏற முடியாது."

போல்ட்டைக் கழற்றி ஹேண்டில்பாரை இறக்கி மறுபடி முடுக்கினார். புதிதாகக் கோடு போட்டார். கை கழுவும்போது குரலைத் தாழ்த்தி, "என்ஜின் ஓடுது. மத்தது... எனக்குக் கடையில வேலை நிறையக் கிடக்கு சிஸ்டர்" என்றார். டீகூடக் குடிக்காமல் போனார். அதன்பின் அவர் வரவில்லை.

திங்கட்கிழமை அண்ணி கம்பெனிக்கு மெடிக்கல் டெஸ்ட்டுக்குப் போயிருந்தாள். மதியம் இரண்டு மணி. முன்னறையில் அப்பாவின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் பிடிக்கப் பின்கட்டுக்குப் போனேன்.

வாசனைதான் முதலில் வந்தது. இன்சுலேஷன் டேப்பின் வாசனை. வெயிலில் இளகிய ரப்பரும் பசையும் கலந்த அந்த வாசனை அண்ணனின் விரல்களில் எப்போதும் இருக்கும். சோறு உருட்டித் தந்தால்கூட அது வரும்.

வெயிலில் தகரக் கூரை டப் டப்பென்று விரிந்துகொண்டிருந்தது. மெஷின் சத்தம் நின்றது. ஏதோ நூல் அறுந்திருக்கும்.

அந்த அமைதியில் ஸ்பிரிங் கிர்ரென்று இறங்கியது. கனத்த ஆள் ஒருவர் நிதானமாக ஏறி உட்காரும்போது இறங்குவது போல.

பிறகு கியர் விழுந்தது.

டக்.

வண்டி நின்ற இடத்தில்தான் நின்றது. யாரும் இல்லை. சீட்டுக்கு மேலே வெயிலில் தூசி மிதந்தது. ஓர் இடத்தில் மட்டும் தூசி இல்லை.

"அண்ணா?" என்றேன்.

எனக்குப் பயம் வரவில்லை. பயம் வர வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு நடைக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். முன்னறையில் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் போய்க் குடத்தை எடுத்து வந்தேன். தண்ணீர் பிடிக்காமல் எப்படி?

அண்ணி வந்ததும் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "சரி குட்டி" என்றாள். அவ்வளவுதான். வேறு என்ன சொல்ல முடியும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அடுத்து சீட் மிச்சம் இருந்தது. அதை இறக்காவிட்டால், மற்ற எதை இறக்கியும் பாதம் முழுசாகத் தரையில் ஊன்றாது. அண்ணி பழைய உறையைக் கிழித்தெடுத்துவிட்டு, ரம்ப பிளேடால் ஸ்பாஞ்சை நாலு விரல் கனத்துக்குச் சீவினாள். சீவிய துண்டுகளை ஒரு சாக்கில் போட்டு மூலையில் வைத்தோம். புது உறைக்குக் கறுப்பு ரெக்ஸின் வாங்கி அப்பாவிடம் கொடுத்தோம். அவர் பின்கட்டுக்கு வந்து, டேப்பால் சீட்டை நாலு பக்கமும் அளந்து, துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனார். சாயங்காலம் உறையைத் தைத்துக் கொண்டுவந்தார்.

மாட்டிப் பார்த்தால் தொளதொளவென்று தொங்கியது. அப்பன் சட்டையைப் போட்ட பிள்ளை மாதிரி.

முப்பது வருடமாகத் துணி வெட்டும் அப்பா ஒன்றைத் தப்பாக வெட்டி நான் பார்த்ததில்லை. அளவு எழுதிய துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தார். எழுதியிருந்த அளவு சரிதான். உறையை அளந்தார். எல்லாப் பக்கமும் நாலு விரல் கூட.

"அளந்துதாம்மா வெட்டினேன்" என்றார். குரல் மிகவும் சிறியதாக இருந்தது. "கை அதுபாட்டுக்குப் போயிருக்கு. நாளைக்குப் பிரிச்சுத் தைக்கறேன்."

உறை சீட்டின் மேலேயே கிடந்தது.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து பின்கட்டுக்குப் போன அண்ணி, "மாமா தைச்சுட்டாரா?" என்று கேட்டாள்.

"நான் இன்னும் தொடவே இல்லையே" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

நான் போய்ப் பார்த்தேன். உறையில் ஒரு சுருக்கம் இல்லை. முரசு போல இறுகியிருந்தது. சீட் பழைய உயரத்தில் இருந்தது.

அண்ணி மூலைக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்தாள். சீவிய ஸ்பாஞ்சுத் துண்டுகள் அப்படியே இருந்தன.

அப்படியானால் உறைக்குள் இருப்பது என்ன?

நான் கையை வைத்து அழுத்தினேன்.

ஸ்பாஞ்சு இல்லை.

சூடாக இருந்தது. தகரக் கூரையின் கீழே எல்லாமே சூடுதான். ஆனால் பக்கத்திலேயே இருந்த டேங்க் சில்லென்று இருந்தது. மறுபடி அழுத்தினேன். உள்ளே இருந்தது இறுகியது. தொடைச் சதை இறுகுவது போல.

கையை எடுத்துவிட்டேன்.

"இன்னும் நாலு நாள்தான் இருக்கு" என்றாள் அண்ணி. வண்டியிடம் சொன்னாளா, என்னிடம் சொன்னாளா, தெரியவில்லை. பிறகு உள்ளே போய்ப் பரண் மேலிருந்து தன் பெட்டியை இறக்கித் துணியால் தூசி தட்டினாள். புடவைகளை மடித்து அடுக்கினாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகாதீங்க அண்ணி என்று சொல்ல வேண்டும். வாய் திறக்கவில்லை.

அப்பா வந்தார். பெட்டியைப் பார்த்தார்.

"கண்ணாடியைத் திருப்பினது நான்தாம்மா" என்றார்.

அண்ணி நிமிர்ந்தாள்.

"முதல் நாள் ஒரு தடவை. மறுநாள் ஒரு தடவை. நீ தூங்கினப்புறம் போனேன். அவன் பார்க்கற மாதிரியே இருக்கட்டுமேன்னு... மத்தது எதுவும் நான் இல்ல. சத்தியமா நான் இல்ல."

அவர் கையில் அளவு நோட்டு இருந்தது. வாடிக்கைக்காரர்களின் அளவெல்லாம் எழுதிவைக்கும் நீள நோட்டு.

"எங்க தொழில்ல ஒண்ணு உண்டு. ஒருத்தர் தவறிட்டா அவர் அளவை நோட்டுல அடிச்சிடணும். அடிக்காம விட்டா வெட்டற கை அந்த அளவுக்கே போகும்னு சொல்லுவாங்க. அப்புறம் அந்த அளவுக்கு ஆளும் வந்து நிக்கும்பாங்க. நான் அதை நம்பினதில்ல. நம்பாமலே எல்லார் அளவையும் அடிச்சிருக்கேன். இவன் ஒருத்தனோடதைத்தான் அடிக்கல."

"ஏன் மாமா?"

"அடிச்சா செத்துடுவானேம்மா."

அண்ணி பெட்டிக்குள் இருந்த புடவையின் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அடிங்க மாமா" என்றாள்.

எல்லோரும் முன்னறைக்குப் போனோம். மதியம் இரண்டரை. தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. அப்பா வெட்டும் மேஜை மேல் நோட்டை விரித்தார். அண்ணனுக்கு ஒரு முழுப் பக்கம். ஐந்து வயதிலிருந்து வருடா வருடம் அளவெடுத்து, பழையதன் பக்கத்திலேயே புதியதை எழுதியிருந்தார். எண்கள் வரிசையாக வளர்ந்துகொண்டே போய் ஓர் இடத்தில் நின்றிருந்தன. அம்மா காஜாத் துணியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்ன பண்றீங்க?"

நான் நடைக்கு நகர்ந்து நின்றேன். அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரியும்.

அப்பா பென்சிலை எடுத்தார்.

"நீளம் முப்பத்திமூணு" என்று வாசித்து, அடித்தார்.

பின்கட்டில் ஏதோ முனகியது. வண்டியின் இரண்டு கண்ணாடியும் ஒரே நேரத்தில், மெதுவாகத் தலை குனிந்தன.

"தோள் பத்தொன்பது."

கனத்த இரும்பு இரும்பின் மேல் இறங்கும் சத்தம் கேட்டது. ஹேண்டில்பார்.

அப்பா நிறுத்தினார். அவருக்கும் கேட்டிருக்கும். முன்னறையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன்.

"மார்பு நாற்பத்திரண்டு."

இன்சுலேஷன் டேப் வாசனை நடையைக் கடந்து என் மேல் வந்தது. மூச்சு விட முடியாத அளவுக்கு வந்தது. என் தலைமுடி கலைந்தது. காற்று இல்லை.

"கழுத்து பதினாறரை."

வாசனை முன்னறை வாசலில் நின்றது. நிலையின் மேல்கட்டையில் தட்டிக் கொஞ்சம் குனிந்தது போல, மேலிருந்து மரத்தூள் சிறிது உதிர்ந்தது.

"கால் நாற்பத்தாறு."

பின்கட்டில் சீட் இறங்கியது. நீளமான ஒரு பெருமூச்சு. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உறை தளர்ந்து, மடிப்பு மடிப்பாக விழுந்து, பழையபடி தொளதொளவென்று தொங்கியது.

ஒன்றுதான் மிச்சம். கை இருபத்தேழு. அப்பா பென்சிலைக் கொண்டுபோன இடத்தில் அம்மாவின் உள்ளங்கை வந்து படிந்தது.

"இது இருக்கட்டும்" என்றாள்.

"எடு கையை."

"எல்லாத்தையும் அடிச்சுட்டீங்க. நான் கேட்டேனா? இது ஒண்ணு இருக்கட்டும்."

"அத்தை..." என்றாள் அண்ணி.

"கை இல்லாம கதவை எப்படித் தட்டுவான்?" என்றாள் அம்மா.

அழவில்லை. சண்டை போடவும் இல்லை. கடையில் மிச்சச் சில்லறை கேட்கிற குரல். அப்பா அவள் விரல்களைப் பிடித்து எடுக்கப் பார்த்தார். வரவில்லை. பென்சில் முனை அவள் புறங்கையில் ஒரு கோடு போட்டது. அப்பா அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு பென்சிலை வைத்துவிட்டு, அம்மா கையை எடுக்கும் வரைக்கும் காத்திருந்து, நோட்டை மூடினார்.

வாசனை போய்விட்டிருந்தது.

அன்று சாயங்காலமே அப்பா உறையைப் பிரித்துத் தைத்தார். வெட்டிய அளவும் தைத்த அளவும் ஒன்றாக இருந்தன. மறுநாள் பார்த்தோம். அதற்கு மறுநாளும் பார்த்தோம். கண்ணாடி, ஹேண்டில்பார், சீட் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. அண்ணி சந்துக்குள் நாலைந்து தடவை ஓட்டிப் பழகினாள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் ஊன்றின. பெட்டி மறுபடி பரண் மேல் ஏறியது. அவள் அண்ணனிடம் போனில், "வர வேணாம்" என்று சொல்வதை நான் நடையில் நின்று கேட்டேன். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றாம் தேதி அண்ணி வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே குளிர் என்பதாலும் வண்டியில் காற்று அடிக்கும் என்பதாலும் அப்பா அவளுக்குக் கெட்டித் துணியில் ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். உள்ளே கேன்வாஸ் கொடுத்துத் தைத்தது. கல்லைக் கட்டித் தொங்கவிட்டாலும் சுருங்காது என்றார். அவர் அவ்வளவு பேசியதே அதிசயம்.

இரண்டாவது வாரம் அண்ணிக்கு மதிய ஷிப்ட். ஒரு மணிக்கு வண்டியைச் சந்தில் இறக்கி, ஸ்டார்ட் செய்து, ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு மெயின் ரோட்டுக் கடையில் பட்டன் வாங்க வேண்டியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அண்ணி, மெயின் ரோடு வரைக்கும் என்னையும் கூட்டிட்டுப் போங்க."

அவள் திரும்பவில்லை. "நீ நடந்து வந்துடு குட்டி."

"போற வழிதானே அண்ணி?"

"இடமில்ல" என்றாள்.

அவளுக்குப் பின்னால் பாதி சீட் காலியாக இருந்தது. கறுப்பு ரெக்ஸினில் வெயில் பளபளத்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகு கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் ஏதோ இருந்தது. அது பயம் மாதிரி இல்லை. சந்தோஷம் என்று சொல்லவும் எனக்கு வரவில்லை. அது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள். இனிமேல் என்னிடம் அதிகம் பேச மாட்டாள் என்று மட்டும் அப்போது தெரிந்தது.

அண்ணி சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் ஜாக்கெட்டைக் கவனித்தேன்.

இடுப்பில், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. அந்தக் கெட்டித் துணி இரண்டு இடத்தில் கொத்தாகச் சுருங்கியிருந்தது. உள்ளங்கை அளவு. ஒவ்வொன்றிலும் மடிப்புகளை எண்ணினேன். பெரிய கை.

வண்டி கிளம்பியது. காற்றில் ஜாக்கெட்டின் கீழ் விளிம்பு படபடவென்று அடித்துக்கொண்டது. அந்த இரண்டு இடம் மட்டும் அசையவில்லை.

சந்து முனையில் அண்ணி வண்டியைச் சாய்த்துத் திருப்பியபோது, அவை இன்னும் கொஞ்சம் இறுகின.